ஓட்டை கூடினால் லோடு தாங்குமா?

1984-ல் பொறியியல் கல்லூரி வரும்வரை கிருஷ்ணன்கோவில் என்பது திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகக் கொல்லம் போகிற சாலையில் பஸ் நின்று போகும் ஊர், அவ்வளவுதான். கல்லூரி வளர்ந்து பல்கலைக்கழகமாகிவிட்டது. ஊரும் கூடவே மாடி மாடியாக உயர்ந்தது. விடுதியில் இருக்கப் பிடிக்காத பையன்கள் வெளியே அறை தேடுகிறார்கள். அதில் ஆந்திரப் பையன்களும் உண்டு. கீழே வீட்டுக்காரர், மேலே மாணவர்கள் என்பது எங்கள் தெருவின் அமைப்பு.

ஆனால் பல வீடுகளின் வயரிங் பழைய கணக்கில் போட்டது. அறைக்கு ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், கதவோரத்து சுவிட்ச் போர்டில் ஒரே ஒரு ஐந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட். ரேடியோவுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அது போதும் என்று நினைத்த காலம். பின்னால் மாடி எழுப்பியபோதும் அதே கணக்கையே மேலே ஏற்றிவிட்டார்கள்.

இதில் அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று எனக்கு ஓர் எண்ணம். 2006-ல் ஆட்சிக்கு வந்தவர்கள் இலவச கலர் டிவி கொடுத்தார்கள். 2011-ல் வந்தவர்கள் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேப்டாப்பும் கொடுத்தார்கள். எல்லாம் வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றைச் சொருக ஒரு பிளக் பாயிண்ட் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எந்தத் தேர்தல் அறிக்கையும் யோசிக்கவில்லை. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான் ஜங்ஷன் பாக்ஸ்.

மாடி அறையை எட்டிப் பார்க்கிற வீட்டுக்காரர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அந்தப் பெட்டியும் அதிலிருந்து கிளம்பும் வயர்க்கூட்டமும். மூன்று பேருக்கு மூன்று லேப்டாப், நாலைந்து செல்போன், பவர் பேங்க், காது மாட்டி, கொசுமருந்து, டேபிள் ஃபேன். "எல்லாத்தையும் பிடுங்குங்கடா, வீடு எரிஞ்சிரும்" என்று சத்தம் போடுவார்கள். பயம் நியாயமானது, பயப்படுகிற பொருள்தான் தவறு.

கூட்டிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜர் 65 வாட் என்றால் மூன்றுக்கு 195. செல்போன் சார்ஜர் ஐந்து, ஒவ்வொன்றும் 20 வாட் என்று தாராளமாகவே வைத்தாலும் 100. ஃபேனும் கொசுமருந்தும் சேர்த்து ஒரு 55. மொத்தம் 350 வாட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வகுத்தால் ஒன்றரை ஆம்பியர். இன்றைய சின்ன பிளக் பாயிண்ட் ஆறு ஆம்பியருக்கு, அதாவது 1380 வாட்டுக்குச் செய்தது. நல்ல பெட்டியாக இருந்தால், இத்தனை வயரும் சேர்ந்து அதன் கால்வாசி பலத்தைத்தான் கேட்கின்றன.

வினை வேறு இடத்தில் இருக்கிறது. அதே அறையின் மூலையில் ஒரு எலக்ட்ரிக் கெட்டில் இருக்கும். வெந்நீருக்கு என்று வாங்கியது. நூடுல்ஸ், முட்டை, சில நாள் சோறுகூட அதில்தான். அது 1500 வாட் என்றால் தனியாகவே ஆறரை ஆம்பியர் இழுக்கும். பத்து சார்ஜர் செய்யாததை ஒரு கெட்டில் செய்துவிடும். அதன் பெரிய பின் சின்ன ஓட்டையில் நுழையாது என்றால், நுழைய வைப்பதற்கென்றே ஒரு கன்வர்ஷன் பிளக் கடையில் தொங்குகிறது. 'இங்கே சொருகாதே' என்று சொல்லத்தான் பின்னைப் பெரிதாகச் செய்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்காமலிருக்க ஒரு சாமான்! காலையில் கெட்டில் கொதிக்கும்போதே இன்னொருவன் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் போட்டால், சார்ஜர் கூட்டத்தையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு ஆம்பியரைத் தாண்டும்.

மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. வயர் மெல்லியதாக இருந்தால் இன்னும் மோசம். எங்கள் தெருவில் ஒரு மாடி அறையில் பிளக் உருகிச் சுவரில் கரி பிடித்தபோது வந்த எலக்ட்ரீசியன், பெட்டியின் வயரைச் சீவிக் காட்டினார். "அண்ணாச்சி, இதுக்கு ராஜபாளையம் மில்லுல ஓடுற நூலு தேவலை." வெளியே தடித்த பிளாஸ்டிக், உள்ளே நாலு இழை செம்பு. வயர் மிச்சத்தைச் சுருட்டிக் கட்டி மெத்தைக்கு அடியில் வேறு தள்ளியிருந்தார்கள். சூடு வெளியேற வழியே இல்லை.

அவர் சொன்ன இன்னொன்று லூஸ் கான்டாக்ட். பழைய பாயிண்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்துபோனால், பின் தொட்டும் தொடாமலும் நிற்கும். அந்த இடத்தில்தான் சூடு குவியும். பிளக் முகம் பழுப்பேறுவது, பொரிகிற சத்தம், பேக்கலைட் கருகும் வாடை என்று அது முன்கூட்டியே சொல்லத்தான் செய்யும். பிளக்கே இல்லாமல் இரண்டு வயரைச் சீவி ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. சிவகாசி பக்கத்தில் இருப்பதால் தீக்குச்சிக்குப் பஞ்சமில்லை.

"எம்சிபி இருக்கே, டிரிப் ஆயிராதா?" என்று கேட்பார்கள். 16 ஆம்பியர் எம்சிபி பன்னிரண்டு ஆம்பியருக்கு அசையாது. பதினெட்டு போனாலும் ஒரு மணி நேரம் விழாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் விதி. அது காவல் காப்பது தன் அளவுக்கு ஏற்பச் சுவருக்குள் போட்ட வயரை. ஆறு ஆம்பியர் பாயிண்டும் கடையில் வாங்கிய பெட்டியும் அதன் கணக்கில் இல்லை. அடிக்கடி விழுகிறது என்று பத்து ஆம்பியரைக் கழற்றிவிட்டுப் பதினாறைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாய் குரைக்கிறது என்று நாயை மாற்றுவதைப் போன்ற வேலை அது. 'ஸ்பைக் பஸ்டர்' என்று விலை கூட வைத்து விற்கும் பெட்டியும் திடீரென ஏறும் வோல்டேஜை அடக்கப் பார்க்குமே தவிர, லோடைக் குறைக்காது.

அந்த அடக்குகிற வேலைக்கே எர்த் சரியாக இருக்க வேண்டும். த்ரீ பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது, சொருகும்போது முதலில் தொடவும் பிடுங்கும்போது கடைசியில் விடவும்தான். ஆனால் அது போய்ச் சேரும் குழி எங்கே இருக்கிறது என்று குடியிருப்பவருக்குத் தெரியாது. பல வீட்டுக்காரர்களுக்கும் மறந்துபோயிருக்கும். கரியும் உப்பும் போட்டு மூடிய குழி ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். சித்திரை வெயிலில் நம் மண் காய்கிற காய்ச்சலுக்கு, துளசிச் செடிக்கு ஊற்றுகிறபோது அதற்கும் ஒரு குடம் ஊற்றலாம்.

2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதன் காரணம் வேறு. இருந்தாலும் அறை பார்க்க வருகிற பெற்றோர் வாடகையையும் தண்ணீரையும் கேட்பதுபோல வயரிங்கையும் கேட்கலாம் என்று அதற்குப் பிறகு எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பையன்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: சார்ஜர் எத்தனை வேண்டுமானாலும் ஒரு நல்ல பெட்டியில் இருக்கட்டும், பெட்டிக்குள் பெட்டி சொருகாமல். சூடாக்குகிற எதுவும் அதில் வேண்டாம். வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கூடுதல். அடுத்த ஆண்டு அட்மிஷனுக்கு முன்னால், அறைக்கு ஒரு பதினாறு ஆம்பியர் பவர் பாயிண்ட், தனியாக இழுத்த 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், அதற்கென்று ஒரு எம்சிபியோடு போட்டுவிடுங்கள். மேஜை பக்கமாக இன்னும் இரண்டு சின்னப் பாயிண்டுகள். சுவரில் பாயிண்ட் கூடியதற்காக கரண்டு பில் ஒரு ரூபாயும் கூடாது.