சிங்க்குக்குக் கீழே

மாடுலர் கிச்சன் ஷோரூமுக்குள் போனால் நான் முதலில் திறந்து பார்ப்பது சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவைத்தான். பளபளக்கும் அக்ரிலிக், அலமாரிக்குள் எரியும் எல்இடி பட்டை, விரலால் தொட்டதும் வெளியே வரும் டிராயர் இவற்றையெல்லாம் விற்பனையாளரே காட்டிவிடுவார். சிங்க் பெட்டியை நாம்தான் கேட்டுத் திறக்க வேண்டும். அங்கே இருக்கும் குழாயில் தண்ணீர் வருவதில்லை. நம் வீட்டில் வரும். வேஸ்ட் பைப் இணைப்பில் கசிகிற நீர், ஈரத்தோடு உள்ளே தள்ளும் பக்கெட், பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாம் வருடக்கணக்கில் அந்த அடிப்பலகையின்மேல்தான் இருக்கப்போகின்றன.

பல்லாவரத்தில் எங்கள் சமையலறை எட்டுக்குப் பத்து. வீட்டுக்கடன் தவணை போக நாங்கள் ஒதுக்க முடிந்தது ஒன்றரை லட்சம். அதற்குமேல் புரட்ட வழியில்லை. அம்மாவின் நாளில் பெரும்பகுதி அந்த அறையில்தான் கழிகிறது என்பதால், யாரிடம் கொடுப்பது என்ற யோசனையை நான் அவசரப்படுத்தவில்லை. பெரிய கம்பெனி ஷோரூம் இருக்கிறது. அம்பத்தூர் பக்கம் சொந்தப் பட்டறையில் அறுத்து, கொண்டுவந்து மாட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மரத்தை நாம் வாங்கிக் கொடுத்தால் வீட்டிலேயே தங்கி வேலை பார்க்கும் ராஜஸ்தான் தச்சர்கள் இருக்கிறார்கள். அலுமினியத்தில் செய்து தரும் ஃபேப்ரிகேட்டர்களும் உண்டு. எல்லாரிடமும் விலை கேட்டேன். வந்த எஸ்டிமேட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியவில்லை.

காரணம், சதுர அடி. மேடையின் நீளத்தைக் கீழ்க்கதவுகளின் உயரத்தால் பெருக்கி, முகப்புப் பரப்பை மட்டும் கணக்கிடுவார் ஒருவர். உள்தட்டு, பக்கப் பலகை எல்லாவற்றையும் தனித்தனியாக அளந்து கூட்டுவார் இன்னொருவர். இருவர் சொல்லும் சதுர அடியும் ஒன்றல்ல. லாஃப்ட் தனி, கூடைகள் தனி, கைப்பிடி தனி, கிரானைட்டில் சிங்க்குக்கு வெட்டுவது தனி, வண்டி வாடகை தனி, இதற்கெல்லாம் மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. குறைந்த விலை சொன்னவருடைய தொகை, இவற்றைச் சேர்த்ததும் மற்றவர்களைத் தாண்டிவிட்டது. அதனால் நானே ஒரு தாள் எழுதினேன். பெட்டிக்கு எந்தத் தர பிளை, எத்தனை எம்எம். வெளி லாமினேட் என்ன, உள் லைனர் என்ன. ஹின்ஜும் சேனலும் யாருடையது. கூடை எந்த ஸ்டீல். பிளம்பர், எலக்ட்ரீஷியன் யார் பொறுப்பு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே விலை போட்டுத் தரும்படி அதை எல்லாரிடமும் கொடுத்தேன். ஷோரூமில், “எங்கள் சிஸ்டத்தில் பேக்கேஜ் விலைதான் வரும்” என்றார்கள். கையில் குறைந்த பணம் வைத்திருப்பவருக்கு அந்தப் பதில் போதாது. எங்கே குறைத்துக்கொள்ளலாம், எங்கே குறைக்கக்கூடாது என்று தெரிந்தால்தானே அவரால் முடிவெடுக்க முடியும்? தாளை வாங்கி, பேனா எடுத்து வரி வரியாக எழுதிக் கொடுத்தவர் பட்டறைக்காரர் ஒருவர்தான்.

அவரிடமிருந்து இரண்டு வெட்டுத் துண்டுகள் வாங்கி வந்தேன். ஒன்று, குறைந்த விலை பேக்கேஜ்களில் வழக்கமாக வரும் பிரீ-லாமினேட்டட் பார்ட்டிக்கிள் போர்டு. இன்னொன்று பிளைவுட். இரண்டையும் இரவு ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் பார்ட்டிக்கிள் போர்டின் வெட்டுவாய் டீயில் முக்கிய ரஸ்க் போல ஊதி, மேலிருந்த லாமினேட்டை விளிம்பில் தூக்கியிருந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. வெயிலில் காயவைத்தும் பழைய கனத்துக்குத் திரும்பவில்லை. பிளை கொஞ்சம் நிறம் மாறியிருந்தது, அவ்வளவுதான். பெரியம்மா வீட்டில் ஒரு கம்பெனி மாட்டித் தந்த சிங்க் பெட்டிக்கு இரண்டு மழைக்காலத்துக்குள் நேர்ந்தது இதுதான் என்று அப்போது விளங்கியது. அடிப்பலகை தொய்ந்து கதவு தரையில் உரச, அவர் ஃபோன் செய்தபோது, தண்ணீரால் வரும் சேதம் வாரண்டியில் அடங்காது என்று சொல்லிவிட்டார்கள். சமையலறையில் தண்ணீரைத் தாங்காத பெட்டிக்கு எதற்கு வாரண்டி? எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பிளையிலும் தரம் உண்டு. கடையில் எல்லாமே ‘மரைன்’ என்றுதான் சொல்லப்படும். ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைக்கான இந்தியத் தர எண். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அதன் அடுக்குகள் பிரியக்கூடாது. ஐஎஸ் 303 பொது உபயோகத்துக்கானது. அதில் எம்ஆர் என்று வருவது காற்றின் ஈரத்தைத் தாங்கும், கொதிநீரைத் தாங்காது. வித்தியாசம் பெரும்பாலும் பசையில்தான் இருக்கிறது: மரைனில் ஃபீனால் பிசின், எம்ஆரில் யூரியா பிசின். தமிழ்நாட்டுக்கு வரும் பிளையில் கணிசமான பங்கு கேரளத்துப் பெரும்பாவூரில் ரப்பர் மரத்திலிருந்து செய்யப்படுகிறது. ரப்பர் மரம் என்பதாலேயே அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஷீட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது என்று வந்துவிடும். எட்டுக்கு நாலு ஷீட்டாக வந்து இறங்கும்போதே பார்த்துவிட வேண்டும். அறுத்து லாமினேட் ஒட்டிய பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

எல்லா இடத்துக்கும் மரைன் போட எங்களிடம் பணம் இல்லை. அப்போதுதான் பட்டறைக்காரர், “அக்கா, சிங்க்குக்கும் சிலிண்டருக்கும் பெட்டியே வேண்டாம். கடப்பா கல் நிறுத்திட்டுக் கதவு மட்டும் மாட்டிக்கலாம். கரையானும் வராது, ஊறவும் ஊறாது” என்றார். தன் சதுர அடியைத் தானே குறைத்துக்கொள்ளும் யோசனை அது. அவரை நான் நம்பத் தொடங்கியது அந்தப் பேச்சில்தான். நம் வீடுகளில் மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டு வைப்பது பழைய பழக்கம். மாடுலர் வந்ததும் அதை இடித்து எறிகிறோம். இடிக்காமல் அதற்குமேல் கதவு போட்டுக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

சிலிண்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு; இரும்பின் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. அதை ஒரு பலகைமேல் ஏற்றி இறக்கினால் பலகை வளையும். அதைவிட முக்கியம், எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். அதனால் சிலிண்டர் தரையில் நிற்க வேண்டும், கதவின் கீழ்ப்பகுதியில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். நான் பார்த்த ஷோரூம் மாதிரி ஒன்றில் சிலிண்டர் டிராலி இருந்தது, துளை ஒன்றுகூட இல்லை. கேட்டால், “லுக் போய்விடும் மேடம்” என்றார்கள். அந்த இடத்தோடு என் பேச்சு முடிந்தது.

கூடைகளுக்கு 304 ஸ்டீல் என்று எல்லாரும் சொல்வார்கள். 202-ஐயும் அப்படிச் சொல்லி விற்பதுண்டு. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 304-இல் நிக்கல் அதிகம். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், உப்பும் புளியும் படும் இடத்தில் சீக்கிரம் துருப் புள்ளி விழும். சோதிப்பதற்கென்றே ஒரு திரவம் இருக்கிறது. மண்ணடியில் வாங்கியபோது கடைக்காரர் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். 202-இல் சிவந்தது, 304-இல் சிவக்கவில்லை. விலையைப் பார்த்து, கூடைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டோம். தட்டுக்கு ஒன்று, டம்ளர் கரண்டிக்கு ஒன்று. மளிகைக்குச் சாதாரணத் தட்டே போதும். எவர்சில்வர் டப்பாக்கள் தாமாகவே நிற்கும்.

குறைந்த செலவில் பொருத்திய சமையலறை என்ற எண்ணமே தொழிலாளர் வீடுகளுக்காகப் பிறந்ததுதான். 1926-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரம் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டியபோது, மார்கரெட்டே ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் சுமார் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சமையலறையை வடிவமைத்தார். ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையைப் பார்த்து, நடையும் நேரமும் எவ்வளவு ஆகிறது என்று அளந்து செய்தது. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. சிக்கன வேலைதான், ஆனாலும் மாவு வைக்கும் இழுப்பறைக்குப் புழு அண்டாத ஓக், கத்தி படும் இடத்துக்குக் கறையும் வெட்டும் தாங்கும் பீச் என்று மரத்தைத் தேர்ந்து போட்டார். காசு குறைவாக இருக்கும்போது அதை எங்கே வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் பார்த்ததில்லை.

நாங்கள் முடித்ததும் அந்த வழியில்தான். சிங்க்கும் சிலிண்டரும் கடப்பாவில். மற்றப் பெட்டிகள் ஐஎஸ் 710 பிளையில். கதவுகள் சாதாரண மேட் லாமினேட். ஹின்ஜ் மட்டும் நல்ல கம்பெனி சாஃப்ட் குளோஸ். “கதவுக்கு எந்தக் கலர் வேணாலும் போடுங்க அக்கா, ஹின்ஜ்ல மட்டும் கை வைக்காதீங்க” என்று பட்டறைக்காரர் சொன்னதை அப்படியே கேட்டேன். அளவெடுக்க வந்த அன்று அவர் அம்மாவைக் கூப்பிட்டு, “நீங்க நில்லுங்கம்மா, தோசை ஊத்துற மாதிரி கையை வைங்க” என்றார். அம்மா குள்ளம். வழக்கமான 34 அங்குல மேடையில் அடுப்பை வைத்தால் குக்கருக்குள் எட்டிப் பார்க்கக் குதிகாலை உயர்த்த வேண்டும். அடுப்பு வரும் பக்கத்தை மட்டும் 31-க்கு இறக்கினார். எந்த கேட்லாக்கிலும் அந்த உயரத்தை நான் பார்க்கவில்லை.

பணத்தில் பாதியை முன்பணமாகவும், பொருள் வந்து இறங்கியதும் மீதியில் பெரும்பகுதியையும் கொடுத்தோம். பத்தில் ஒரு பங்கை, ஒரு மாதம் குழாய் ஓடி, கதவுகள் இறங்காமல் நிற்பதைப் பார்த்த பிறகு தருவதாக எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். வேலை முடிந்ததும் லாமினேட் பில்லை ஷேடு நம்பரோடு வாங்கிக்கொண்டேன். மிஞ்சிய அரை ஷீட்டையும் லாஃப்டில் ஏற்றச் சொன்னேன். அந்த ஷேடைக் கம்பெனி நிறுத்திவிட்டால், அடிபட்ட ஒரு கதவை மாற்ற அதுதான் கைகொடுக்கும்.