மெமரி கார்டும் மரக்காலும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பேருந்தில் இடமில்லை என்றால் படியில் தொங்கலாம். விடுதியில் இடமில்லை என்றால் நண்பன் அறையில் பாய் விரித்துக்கொள்ளலாம். கையிலிருக்கும் டேப்லெட்டில் இடமில்லை என்றால் என் செய்வது? 2025ஆம் ஆண்டில் என்னை ஆட்டிப் படைத்த கேள்வி இது. அதற்கு நான் தேடிக்கொண்ட விடையும், அந்த விடை என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடமும் என் வகுப்பு நண்பர்களுக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை எழுதவே இம்மலரில் இடம் கேட்டேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர். ஒரு சிப்பம் 40 கிலோ. அப்படி எத்தனை சிப்பங்கள் அவர் முதுகேறி இறங்கினவோ, 2024ஆம் ஆண்டு குறுவை அறுவடை முடிந்த கையோடு என்னைக் கடைக்கு அழைத்துச் சென்று அந்த டேப்லெட்டை வாங்கித் தந்தார். ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய். கடைக்காரரிடம் அப்பா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

“எவ்வளவு தம்பி பிடிக்கும்?”

“முப்பத்திரண்டு, ஐயா.”

அப்பா நிறைவாகத் தலையசைத்தார். மூட்டைக் கணக்காக எண்ணிக்கொண்டாரோ என்னவோ! நானும் அன்று அப்பாவைவிட அதிகம் அறிந்தவனல்லன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 32 ஜி.பி.யில் ஏறத்தாழப் பாதியை இயங்குதளமும், தொழிற்சாலையிலிருந்தே குடியேறிவிட்ட செயலிகளும் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றுள் பலவற்றை வெளியேற்றவும் முடியாது. வாடகை கொடுப்பவன் திண்ணையில் படுக்க, முன்பே வந்தவர்கள் கூடத்தில் படுத்திருந்தார்கள்.

ஓராண்டு எப்படியோ ஓடியது. “சேமிப்பிடம் நிறைந்துவிட்டது” என்ற அறிவிப்பு வரும்போதெல்லாம் எதையாவது பலி கொடுத்தேன். முதலில் பாட்டுகள் போயின. பிறகு திரைப்படம். அதன் பிறகு, பள்ளி ஆண்டு விழாவில் என் தங்கை பரிசு வாங்கிய காட்சி. அதை அழித்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. (அவளும் இதைப் படிப்பாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.) பாடங்களை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. இணையத்தில் பார்க்கலாமே என்பீர்கள். எங்கள் தெருவில் அலைவரிசை கிடைக்கும் இடம் மாட்டுக்கொட்டகையின் மேற்கு மூலை ஒன்றுதான். நாளுக்குரிய இணைய அளவும் இரண்டு பாடங்களோடு தீர்ந்துவிடும். ஆகவே, கல்லூரியில் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் படிப்பதே வழக்கம்.

டேப்லெட்டின் விளிம்பில் ஊசியால் குத்தினால் வெளிவரும் ஒரு சிறு தட்டு உண்டு என்பதை இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நண்பன் காட்டினான். அதில் மெமரி கார்டு போடலாமாம். (நினைவக அட்டை என்று எழுதினால் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் மகிழ்வார்கள், கடையில் அப்படிக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.) நீளம் 15 மில்லி மீட்டர், அகலம் 11, தடிமன் 1. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. இதற்குள்ளா அத்தனை பாடங்களும் அடங்கும் என்று வியந்து, வியந்த வேகத்தில் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே தரையில் விரித்து விற்றுக்கொண்டிருந்தவரிடம் ஒன்று வாங்கினேன். அட்டையின் மேல் 512 ஜி.பி. என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. விலை 350 ரூபாய். பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைத்தேன் என்ற பெருமை வேறு!

கார்டைச் செருகியதும் டேப்லெட் ஒரு கேள்வி கேட்டது. இதை வெளிச் சேமிப்பாக வைத்துக்கொள்ளப் போகிறாயா, அல்லது உள் சேமிப்போடு சேர்த்துவிடட்டுமா? 2015இல் வந்த ஆண்ட்ராய்டு ஆறாம் பதிப்பிலிருந்து உள்ள ஏற்பாடு இது. எல்லா நிறுவனங்களும் தம் கருவிகளில் இதை வைப்பதில்லை, என்னுடையதில் இருந்தது. உள் சேமிப்பாகச் சேர்த்தால் சில செயலிகளையும் கார்டுக்கு மாற்றலாம். ஆனால் கார்டில் முன்பிருந்தவற்றைத் துடைத்துவிட்டு, உள்ளே எழுதுவதனைத்தையும் மறைக்குறியாக்கி, அந்த ஒரு கருவிக்கே அதனை மணமுடித்து வைத்துவிடும். வேறொரு கருவியில் போட்டால் ஒன்றும் படிக்காது. வெளிச் சேமிப்பு என்றால் கழற்றி யாருக்கும் கொடுக்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இடம் கிடைத்தவுடன் எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது; வகுப்புக்கே ஒரு நூலகம் வைக்கும் ஆசை!

வைத்தேன். ஆசிரியர்கள் அனுப்பிய பாடங்கள், பழைய வினாத்தாள்களின் படங்கள், ஆய்வகக் குறிப்பேட்டின் பக்கங்கள், நண்பர்கள் எங்கெங்கோ இறக்கிய காணொலிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. தாளுக்கு ஓர் உறை, அலகுக்கு ஓர் உறை என்று ஒழுங்காக அடுக்கினேன். கார்டு கைமாறிக் கைமாறி விடுதிக்கும் போனது, பேருந்தில் வரும் தோழர்களின் ஊர்களுக்கும் போனது. “நூலகர்” என்றே என்னை அழைக்கத் தொடங்கினார்கள். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது, விளையாட்டிலும் பேரில்லை. என்னைத் தேடி நாலு பேர் வந்தது அதுவே முதல்முறை. அந்த மகிழ்ச்சியை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

2025 நவம்பர். பருவத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாட்கள். கார்டை மூன்று நாள் வைத்திருந்த நண்பன் ஒருவன் திருப்பித் தந்தான். அன்று மாலை மூன்றாம் அலகுப் பாடத்தைத் திறந்தேன். திறக்கவில்லை. நான்காம் அலகும் திறக்கவில்லை. ஐந்தாம் அலகு, வினாத்தாள்கள், எதுவும் இல்லை. இல்லை என்பதும் தவறு. பெயர்கள் இருந்தன. நான் வைத்த பெயர், தேதி, அளவு எல்லாம் அப்படியே இருந்தன. உள்ளேதான் ஒன்றுமில்லை. முதல் இரண்டு அலகுகள் மட்டும் பழுதின்றி ஓடின.

அதற்குள் பலர் தங்கள் கைப்பேசிகளில் இருந்த மூலங்களை, “அதுதான் கார்டில் இருக்கிறதே” என்று அழித்திருந்தார்கள். வகுப்பில் புயல்! கடைசியாக வைத்திருந்தது யார் என்ற கேள்வி எழுந்தது. முறைப்படி விடுவிக்காமல் கார்டைப் பிடுங்கினால் கோப்புகள் கெடும் என்பது உண்மைதான். அதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். “பிடுங்கிட்டான் போலிருக்கு” என்று யாரோ சொல்ல, எல்லாருடைய கண்களும் அந்த நண்பன் பக்கம் திரும்பின. அவன் இல்லை என்றான். இரண்டாம் முறை கேட்டபோது பேசாமல் இருந்துவிட்டான்.

எனக்கு ஏதோ நெருடியது. நம் துறை விரிவுரையாளர் ஒருவரிடம் கார்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, விலையை மட்டும் கேட்டார். பிறகு முதல் இரண்டு அலகுகளைக் கணினியில் படியெடுத்துவிட்டு, எச் 2 டெஸ்ட் டபிள்யூ என்னும் சிறு மென்பொருளை ஓடவிட்டார். அது செய்யும் வேலை எளியது. தனக்குத் தெரிந்த தரவைக் கார்டில் எழுதிக்கொண்டே போகும். பிறகு எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று திரும்பப் படித்துப் பார்க்கும். முழுவதையும் சோதித்தால் ஒரு நாளுக்கு மேலாகும் என்று முதல் 64 ஜி.பி.யை மட்டும் சோதித்தோம். மூன்று மணி நேரம். 29 ஜி.பி.யைத் தாண்டியதும் ஒன்றுமில்லை. 512 என்று அச்சிட்ட உறைக்குள் இருந்தது ஒரு 32 ஜி.பி. கார்டு!

இது எப்படி நடக்கிறது என்று அன்று அவர் விளக்கினார். கார்டுக்குள் நினைவகச் சில்லோடு கட்டுப்படுத்தும் சில்லு ஒன்றும் உண்டு. “உன் கொள்ளளவு என்ன?” என்று டேப்லெட் கேட்டால் விடை சொல்வது இந்தச் சில்லு. போலி செய்பவர்கள் அந்த விடையைத்தான் மாற்றி எழுதுகிறார்கள். டேப்லெட் கேட்கும், நம்பும், அளந்து பார்ப்பதில்லை. உண்மையான இடம் தீர்ந்த பிறகு வருவதை, சில போலிகள் பழையவற்றின் மேலேயே எழுதும்; சில வாங்கி வாங்கி வெளியில் கொட்டும். பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் கார்டின் தொடக்கப் பகுதியில் இருப்பதால், சரக்கு போன பின்னும் பெயர் நிற்கும்.

உண்மையான கார்டு எப்படி நினைவில் வைக்கிறது என்பது இதைவிட வியப்பு. ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கியவர் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. இன்றைய கார்டுகளில் உள்ள நாண்டு வகையை 1987இல் அவர் குழுவினர் உலகுக்கு அறிவித்தனர். சுற்றிலும் மின்கடத்தாப் படலம் சூழ்ந்த ஒரு சிறு தீவில் எலக்ட்ரான்களைச் சிறை வைப்பதுதான் சூட்சுமம். கடத்தாப் படலத்தைத் தாண்டி அவை உள்ளே எப்படிப் போகின்றன? வகுப்பில் நாம் கரும்பலகை நிறைய எழுதிய அதே குவாண்டம் சுரங்க விளைவால்தான்! மின்னழுத்தத்தைப் போதிய அளவு உயர்த்தினால் அரணைத் துளைத்துப் புகும். மின்சாரத்தை நிறுத்தினாலும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஐந்து மதிப்பெண் வினா என்று மனப்பாடம் செய்த சமன்பாடு என் சட்டைப் பையில் இருந்ததை நான் அறிந்திருக்கவில்லை.

“வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிடு” என்றார் விரிவுரையாளர்.

சொல்லவில்லை. அந்தப் பாதிதான் உங்களுக்குத் தெரியாதது. நூலகர் தரையில் விரித்து விற்ற கார்டில் ஏமாந்தான் என்று சொல்ல நா எழவில்லை. தேர்வு வந்தது, போனது. மூன்றாம் அலகுக்கு மேல் படிக்கக் கிடைக்காமல் இருவர் அந்தத் தாளில் தேறவில்லை. அது கார்டினால்தானா என்று நான் அறுதியிட மாட்டேன்; ஆனால் அவர்கள் இருவரும் நெடுநாள் அந்த நண்பனோடு பேசவில்லை என்பதை அறிவேன்.

விடுமுறையில் அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். களைத்து வந்து திண்ணையில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். தாத்தா கூலிக்கு அறுத்த காலத்தில் சில பண்ணைகளில் இரண்டு மரக்கால் இருக்குமாம். நெல்லை அளந்து வாங்க ஒன்று, கூலி அளக்க ஒன்று. கூலி மரக்காலில் அடித்தட்டை உள்ளே உயர்த்தி அடித்திருப்பார்களாம்.

“வெளியிலேருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். கையை விட்டுப் பாத்தாதான் தெரியும். ஆனா அளக்கும்போது கையை விட்டுப் பாக்க யாருக்குத் தைரியம்?” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்தப் பையன் என்ன ஆனான்?” என்று கேட்டார். கார்டைப் பற்றி அதன் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கல்லூரி திறந்ததும் அந்த நண்பனிடம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்துச் சொன்னேன். அவன் பூட்டைத் திறந்துகொண்டே, “எனக்கு அப்பவே தெரியும்டா, கார்டுதான் சரியில்லன்னு. நீ சொல்லுவேன்னு பாத்தேன்” என்றான். அவ்வளவுதான். வகுப்பில் சொல்கிறேன் என்றேன். உன் விருப்பம் என்றான். எழுந்து நின்று சொல்ல வாய் வராதவன் எழுத்தில் சொல்கிறேன். கார்டைக் கெடுத்தவன் அவனில்லை. வாங்கிய அன்றே சோதிக்காதவன் நான். தெரிந்த பின்பும் வாய் மூடியிருந்தவனும் நான்.

இப்போது கடையில் ரசீதோடு வாங்கிய 64 ஜி.பி. கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கிய அன்றே நம் துறைக் கணினியில் சோதித்தாயிற்று. அது 59 ஜி.பி. என்றுதான் காட்டும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கருவி 1024, 1024 ஆக எண்ணுகிறது. பெரியபடி சின்னப்படி வேறுபாடு, அவ்வளவே. கார்டின் மேல் ஏ1 என்ற குறியும் உண்டு. நொடிக்கு 1500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் வல்லது என்று பொருள். செயலிகளைக் கார்டில் வைக்க எண்ணுபவர்கள் அந்தக் குறியைப் பார்த்து வாங்கட்டும். நான் பாடங்களையும் படங்களையும் மட்டுமே வைக்கிறேன். அதிலும் ஒவ்வொன்றுக்கும் துறைக் கணினியில் ஒரு படி உண்டு. டேப்லெட்டின் உள்ளே இன்னமும் நெருக்கடிதான்; கூடத்தில் படுத்தவர்கள் எழுந்தபாடில்லை.

நூலகம் மறுபடி நடக்கிறது. அந்த நண்பனும் வந்து வாங்கிப் போகிறான். ஒவ்வொரு முறையும் திருப்பித் தரும்போது தன் கைப்பேசியில் விடுவிக்கும் பொத்தானை அழுத்துகிறான். “இனி பாதுகாப்பாக அகற்றலாம்” என்று எழுத்து வருகிறது. கார்டைக் கழற்றுவதற்கு முன் திரையை என் பக்கம் திருப்பி, நான் படித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறான்.