குடம் ஒட்டும் அண்ணனும் எங்கள் பழைய காரும்

எங்கள் குழுவிடம் பதினெட்டு வயதான ஒரு டீசல் கார் இருக்கிறது. சாட்சிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவது பெரும்பாலும் அதில்தான். சாட்சிகளுக்குப் பயணப்படி தர வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இலேயே சொல்லிவிட்டன. ஆனால் தோழர்களே, அந்தப் பணத்தை நம்பி பஸ்ஸுக்கு நிற்க முடியாது. எதிர்த்தரப்பும் அதே பஸ்ஸில்தான் ஏறும். அதனால் கார் ஓடியாக வேண்டும்.

சித்திரை வெயிலில் ஒருநாள் வெப்பமுள் மேலே ஏறியது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பார்த்தோம். (சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.) கூலண்ட் டேங்கின் இரண்டு பாதிகளும் சேரும் ஓரத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். மெக்கானிக் புதிது மாட்டச் சொன்னார். அந்த மாடல் நின்றுபோய்ப் பல வருடம், பாகத்துக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். வாய்தாவோ அடுத்த வாரம்.

சின்ன விரிசல்தானே என்று விட முடியாது. எங்கள் காரில் இந்த டேங்கும் அழுத்தத்தில்தான் இருக்கும். ஒரு பார் அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். விரிசல் வழியாக அழுத்தம் போய்விட்டால் சீக்கிரமே கொதித்து, ஹெட் கேஸ்கெட்வரை செலவு வைக்கும்.

பசையும் உதவாது. டேங்கின் அடியில் 'பிபி' என்று பொறித்திருந்தது, அதாவது பாலிபுரொப்பிலீன். சாதாரணப் பசையோ எபாக்ஸியோ அதில் பிடிக்காது, சூட்டில் உரிந்துவிடும். அதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் சேர்க்க வேண்டும்.

அது தெரிந்தவர் சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வரும் குடம் ஒட்டுகிற அண்ணன். முதலில் ஒரு குடத்துண்டை உருக்கி டேங்கின் ஓரத்தில் வைத்தார். ஆறியதும் நகத்தால் நெம்ப, அப்படியே வந்துவிட்டது. "இது வேற சாதி பிளாஸ்டிக், சேராது" என்றார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு பையைத் துழாவி உடைந்த பேட்டரிப் பெட்டியின் துண்டு ஒன்றை எடுத்தார். அதுவும் பாலிபுரொப்பிலீன்தான். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது, உருகும் விதமும் வாசனையும் தெரியும். பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் புத்தகத்தில் இது ஒரு பாடம். அவருடையதை மட்டும் 'வெறும் கைவேலை' என்கிறோம்.

டேங்கைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தோம். விரிசல் மேலும் ஓடாமலிருக்க இரு முனையிலும் சிறு துளை போட்டார். சூட்டுக்கம்பியால் விரிசல் நெடுகப் பள்ளம் இழுத்து, துண்டை உருக்கி நிரப்பி, எஃகு வலைத் துண்டு ஒன்றைப் பதித்து மேலும் ஒரு பூச்சு. ஆறியபின் குழாய் வாய்களை அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, சைக்கிள் பம்பால் நிதானமாக நான்கைந்து அடி. ஒரு குமிழியும் வரவில்லை.

குடத்துக்கு வாங்கும் கூலியைத்தான் கேட்டார். மெக்கானிக்குக் கொடுத்திருக்கக்கூடிய கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம், நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு வாங்கிக்கொண்டார்.

கசிந்த கூலண்டை மண் போட்டு அள்ளினோம். அது இனிக்கும், ஆனால் விஷம். தெருநாய் நக்கினால் செத்துப்போகும்.

புதிய டேங்க் வந்து சேர்வதற்குள் இரண்டு வாய்தா முடிந்திருந்தது. இப்போது மாட்டியிருப்பது புதியது. ஒட்டியது டிக்கியில் ஸ்பேராக இருக்கிறது.