ஹோஸைத் திறக்காத கை

போடிநாயக்கனூரில் சைக்கிள் வேலை பார்க்கும் அந்த அண்ணன் கூப்பிட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறார். வாடகை சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துப் பழகிய கை. இப்போது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வண்டிகளும் அவரிடம் வருகின்றன.

நான் போனபோது ஹேண்டில்பார் மாற்றும் வேலை. வண்டிக்காரத் தம்பி ஞாயிறுதோறும் முந்தல் சோதனைச் சாவடி தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்துப் போடிமெட்டு ஏறுகிறவர். ஏறும்போது வலிப்பது கால்தான். இறங்கும்போது உயிரே பிரேக் பிடிக்கும் விரலில் இருக்கிறது. எதிரே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் வரும். வளைவில் வண்டி கைக்கு அடங்க வேண்டுமென்று 680 மில்லிமீட்டர் பாரை எடுத்துவிட்டு 760 போடச் சொல்லியிருந்தார்.

சைக்கிள் ரிப்பேர் என்றாலே தலைகீழாகக் கவிழ்ப்பதுதான் நம் வழக்கம். இவர் திண்ணைத் தூணோடு சேர்த்துக் கட்டி, நின்றவாக்கிலேயே வேலையைத் தொடங்கினார்.

"கவுத்தா லீவர் டப்பாவுல இருக்க காத்து ஹோஸுக்குள்ள போயிரும்ணே. அப்புறம் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும்."

லீவரைப் பிடித்தால் ஹோஸுக்குள் எண்ணெய் நகர்ந்து, சக்கரத்தின் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிபரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால் எண்ணெய் அடைத்த அந்த ஹோஸைத் திறக்காமலேயே பாரை மாற்றுவதில்தான் திறமை இருக்கிறது. கிரிப்பை உருவி, கிளாம்ப் போல்ட்டை ஆலன் கீயால் தளர்த்தி, லீவர்களை ஹோஸோடு கழற்றி, சாயாதபடி துணிநாடாவால் ஃபிரேமில் கட்டினார்.

புது பார், அதைப் பிடித்துத் தாங்கும் ஸ்டெம்மில் உட்கார்ந்தது. நான்கு போல்ட்டையும் குறுக்குக்குறுக்காக, கால் சுற்று கால் சுற்றாக முறுக்கினார். மேலும் கீழும் இடைவெளி சமமா என்று நகத்தை விட்டுப் பார்த்தார். ஸ்டெம்மில் 5 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருந்தது. அந்த அளவுக்கு வைத்த டார்க் ரென்ச் டிக்கென்றதும் கையை எடுத்துவிட்டார்.

புது பாரில் மாட்டிய லீவர் இப்போது பக்கத்துக்கு 4 சென்டிமீட்டர் வெளியே போயிருக்கிறது. கிரிப் போடும் முன் பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்பினார். வலப்பக்கம் திருப்பும்போது பின் பிரேக் ஹோஸ் விறைத்தது. ஃபிரேம் கிளிப்புகளைத் தளர்த்தி, காலிபர் பக்கம் வளைந்து கிடந்த உபரியை முன்னே இழுத்துவிட்டார். அந்த உபரி இல்லையென்றால் புது ஹோஸ் போட்டு, எண்ணெய் விட்டு, காற்று எடுக்க வேண்டும்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். இந்த வண்டியில் இருந்த ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். ஆட்டோமொபைல் கடையில் சட்டென்று கிடைப்பதோ பைக்குக்கு ஊற்றும் டாட் ஆயில். அதை ஊற்றினால் உள்ளேயிருக்கும் ரப்பர் சீல் உப்பிக் கெட்டுப்போகும். "ஒரு தம்பி ஊத்திட்டாப்லண்ணே. அமுக்கின லீவர் திரும்பி வரல."

எண்ணெய்கூட மாற்றாத வேலைக்கு இவ்வளவு கூலியா என்று பேரம் பேசுகிறவர்கள் உண்டாம். திறக்காமல் முடித்ததற்குத்தான் அந்தக் கூலி. நானாக இருந்தால் கூடுதலாகவே கொடுப்பேன்.

வண்டிக்காரத் தம்பியை ஏறி உட்காரச் சொல்லி, அவர் விரல் வாட்டத்துக்கு லீவரைச் சாய்த்து இறுக்கினார்.

"நாளைக்கே மெட்டுக்கு ஏறிராதீங்க தம்பி. முந்தல் வரைக்கும் போயிட்டு வாங்க. போல்ட்ட ஒருக்கா பாத்துக்கிருவோம்."