ஆறு மாச டயம்

என் மனைவி கோபமாக இருந்தால் நான் பாத்திரம் தேய்ப்பேன். சிரிக்காதீர்கள். ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே அவள் முகத்தைப் பார்த்துவிடுவேன். லேசாக ஒரு சுருக்கம் தெரிந்தால் போதும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சிங்க் முன்னால் நிற்பேன். அக்கம்பக்கத்தில் எனக்கு ஏக நல்ல பெயர். "அவரைப் பாத்தாவது கத்துக்கக் கூடாதா?" என்று மற்ற வீட்டுக் கணவன்மார்களுக்கு என்னால் தினமும் அர்ச்சனை!

ஒத்தாசையாவது, மண்ணாவது. பயம் சார், பயம்.

1990. எனக்கு ஒன்பது வயது. அப்பா ஏற்கெனவே தனியாகப் போய்விட்டிருந்தார். அந்த வருஷம்தான் இருவரும் பரஸ்பர சம்மதத்தில் பிரிய மனுப் போட்டார்கள். இந்து திருமணச் சட்டத்தில் 13-பி என்று ஒரு பிரிவு, 1976-ல் சேர்த்தது. மனுப் போட்டபின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். மனசு மாறினால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். (இனி சேர வழியே இல்லையென்றால் கோர்ட் அந்த ஆறு மாதத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2017-ல்.) இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு, தாத்தா யாரிடமோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "ஆறு மாசம் டயம் குடுத்திருக்காங்க. பார்ப்போம்."

நான் என்ன நினைத்துக்கொண்டேன் தெரியுமா? டயம் கொடுத்தது எனக்கு! அரைப் பரீட்சை மாதிரி. பாஸ் பண்ணினால் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார்.

அந்த ஆறு மாதம் என்னைப் போல ஒரு பிள்ளை உலகத்தில் இருந்திருக்க மாட்டான். எழுப்பாமலே எழுந்தேன். பாகற்காய் சாப்பிட்டேன். ரேஷன் கியூவில் நின்று மண்ணெண்ணெய் வாங்கி வந்தேன். கணக்கில் 92. ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தால் ரேங்க் கார்டை நீட்டுவேன். "சமத்து" என்று தலையைத் தடவுவார். அம்மா உள்ளேயிருந்தபடியே காபி கொடுத்தனுப்புவாள். டபராவோடு தூக்கிக்கொண்டு போவது நான்தான். கை சுட்டாலும் ஒரு சொட்டு சிந்தியதில்லை.

அவர்கள் சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. கத்தியிருந்தாலாவது காரணம் தெரிந்திருக்கும்.

ஏழாவது மாதம் அப்பா ஒரு டெம்போவோடு வந்தார். கல்யாணப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பார்களே, அதைப் பார்த்துப் பிரித்தார்கள். அம்மா வீட்டுப் பெயர் இந்தப் பக்கம், அப்பா வீட்டுப் பெயர் அந்தப் பக்கம். எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. தாத்தாவுக்குக் கண் தெரியவில்லை. "நீ படிடா" என்றார். ஒவ்வொன்றாக எடுத்து, பிழையில்லாமல், உரக்கப் படித்தேன். ஒரு சின்ன டம்ளரில் என் பெயர் இருந்தது. அதை யாரும் எந்தப் பக்கமும் வைக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகிறது. போன மாதம் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. நானும் வழக்கம்போலத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமான பாத்திரத்தையே திரும்பவும்! விறுவிறுவென்று வந்து குழாயை மூடினாள்.

"எங்க அண்ணன் வந்தப்ப நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டது எனக்குப் பிடிக்கல."

"ஸாரி."

"ஸாரி வேணாம். ஏன்னு சொல்லுங்க. பதினாலு வருஷமா எங்கிட்ட பரீட்சை எழுதற மாதிரியே இருக்கீங்க. எனக்கு மூச்சு முட்டுது. ஒரு நாளாவது சண்டை போடுங்களேன்!"

கையெல்லாம் சோப்பு. தொண்டை அடைத்துக்கொண்டது. அப்புறம், எங்கிருந்துதான் வந்ததோ, "உங்க அண்ணன் என் சம்பளத்தப் பத்தி அத்தனை பேர் முன்னாடி பேசினது மட்டும் சரியா?" என்று கத்திவிட்டேன். அவளும் விடவில்லை. கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினோம்.

நடுவில் சட்டென்று ஞாபகம் வந்து ஹாலை எட்டிப் பார்த்தேன். எங்கள் மகளுக்கும் இப்போது ஒன்பது வயது.

"அப்பா, கொஞ்சம் மெதுவா சண்டை போடுங்க. டி.வி. கேக்கல!" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.