ஏழு நாள் பரீட்சை

சிகாகோவில் பிறந்த ஒரு டி ஷர்ட் போட்டி, பெயரில்லாத ஓவியர்களுக்குக் கதவைத் திறந்தது. நுழைவுக் கட்டணம்: அவர்களுடைய இரவுகள்.

சிகாகோவின் வடபகுதியில் ரேவன்ஸ்வுட் அவென்யூ இரண்டாகப் பிளந்து ஓடுகிறது. நடுவில் உயரமான மண் கரை. அதன் மேல் புறநகர் ரயில். இருபக்கமும் செங்கல் தொழிற்கூடங்கள். பழைய தொழில்கள் பல போய்விட்டன. அந்த இடங்களில் ஓவியக் கூடங்களும் சிறு நிறுவனங்களும் வந்து உட்கார்ந்துகொண்டன. த்ரெட்லெஸ் என்ற டி ஷர்ட் நிறுவனம் சில வருடங்கள் இயங்கியது இந்தத் தெருவில்தான்.

2000-ல் ஜேக் நிக்கல், ஜேக்கப் டிஹார்ட் என்ற இரு இளைஞர்கள் ஆளுக்கு 500 டாலர் போட்டு ஆரம்பித்தது அது. நிக்கலுக்கு அப்போது வயது 20. திட்டம் சுலபமானது. யார் வேண்டுமானாலும் டி ஷர்ட்டுக்குப் படம் வரைந்து இணையம் வழியே அனுப்பலாம். பார்ப்பவர்கள் ஏழு நாட்கள் அதற்குப் பூஜ்யம் முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். ‘கிடைத்தால் வாங்குவேன்’ என்றும் சொல்லி வைக்கலாம். அந்தக் கணக்கைப் பார்த்து நிறுவனம் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து அச்சடிக்கும். விற்காத சரக்கு தேங்கிவிடுமோ என்பதுதான் எந்த ஜவுளி வியாபாரிக்கும் தீராத கவலை. வாங்கப் போகிறவரையே நடுவராக்கியதில் அந்தக் கவலை பெருமளவு தீர்ந்தது.

புதியவருக்கும் இது லாபமாகத் தோன்றியது. கல்லூரிப் பட்டம் வேண்டாம். சிபாரிசு வேண்டாம். எந்த ஊர் என்று கேட்பவர் இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த க்ளென் ஜோன்ஸின் குறும்புப் படங்கள் இங்கே அடுத்தடுத்து அச்சேறின. பிறகு அவர் சொந்தமாகவே டி ஷர்ட் விற்பனையில் இறங்கினார். பத்திரிகையாளர் ஜெஃப் ஹௌ 2006-ல் ‘க்ரௌட்சோர்ஸிங்’ என்ற சொல்லை அறிமுகப்படுத்திய பிறகு, அதற்கு உதாரணம் கேட்டவர்களுக்கெல்லாம் த்ரெட்லெஸ் பெயரே சொல்லப்பட்டது.

ஆனால் புதிதாக வருபவர் முதல் முயற்சியிலேயே ஜெயிப்பது அபூர்வம். காரணம் திறமைக் குறைவு மட்டுமல்ல. காகிதம் வேறு, துணி வேறு. ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன். நிறம் கூடினால் செலவும் கூடும். எனவே அனுபவசாலிகள் துணியின் நிறத்தையே ஒரு வண்ணமாகப் பயன்படுத்துகிறார்கள். கறுப்புச் சட்டையில் இரவு வானத்தைத் தீட்ட வேண்டியதில்லை. நட்சத்திரங்களை மட்டும் வைத்தால் போதும். இன்னொன்று, சட்டை நடமாடும் பொருள். எதிரே வருகிறவர் கடந்து போவதற்குள் படத்தில் உள்ள நகைச்சுவை அவருக்குப் புரிந்தாக வேண்டும். நுணுக்கமாக வரைபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ஏழு நாள் மதிப்பெண்ணும் முகம் தெரியாதவர்கள் சொல்லும் குறைகளும் இதையெல்லாம் கற்றுத் தருகின்றன. ஒரு வகையில் சம்பளம் கேட்காத வாத்தியார்கள்.

சம்பளம் என்ற விஷயத்தில்தான் சிக்கல். போட்டி உச்சத்தில் இருந்த காலத்தில் ஜெயித்தவருக்கு 2,000 டாலர் ரொக்கமும் 500 டாலருக்குப் பொருட்களும் கிடைத்தன. ஆனால் வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் படங்கள் வந்து குவிந்தன. அச்சேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவர்கள் கண்விழித்து வரைந்ததற்குக் காசு இல்லை. கூலி உறுதியாகாத வேலை வேண்டாம் என்று அமெரிக்க வடிவமைப்பாளர் சங்கமான ஏஐஜிஏ நீண்ட காலமாக எச்சரித்து வந்திருக்கிறது. பொழுதுபோக்காக வரைபவருக்கு இது விளையாட்டு. வாடகை கொடுக்க வேண்டியவருக்கு லாட்டரி.

சிகாகோவில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. த்ரெட்லெஸ் பின்னர் குடிபோன மேடிசன் தெருக் கிடங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது ஹேமார்க்கெட். எட்டு மணி நேர வேலைக்காக நடந்த போராட்டத்தின் ஊடே 1886 மே 4-ல் குண்டு வெடித்த இடம். தொழிலாளர் தலைவர்கள் நான்கு பேர் மறு வருடம் தூக்கிலிடப்பட்டார்கள். சென்னைக் கடற்கரையில் 1923-ல் சிங்காரவேலர் கொடியேற்றிக் கொண்டாடிய மே தினத்தின் வேர் இங்கேதான். அன்று பேச்சாளர்கள் ஏறி நின்ற வண்டியை நினைவூட்டும் சிற்பம் 2004 முதல் அங்கே நிற்கிறது. வேலை நேரத்தை எண்ணச் சொல்லி உயிர்கள் போன ஊரிலிருந்தே, நேரத்தை யாரும் எண்ணாத ஒரு வேலை உலகெங்கும் பரவியது.

நிறுவனத்துக்கும் சோதனை வராமல் இல்லை. 2014 ஜனவரியில் ஊழியர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வேலை இழந்தனர். அதன் பிறகு ஓவியர்கள் தங்கள் பெயரிலேயே கடை விரிக்கவும், ஆர்டர் வந்தால் மட்டும் சட்டையை அச்சடித்து அனுப்பவும் ஏற்பாடு செய்யப்பட்டது. நடுவர்களின் தயவு இப்போது வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவரைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பும் ஓவியர் தலையில்தான்.

விவரம் தெரிந்த புதியவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இத்தனை படங்கள், இத்தனை மாதங்கள் என்று தாங்களே எல்லை போட்டுக்கொண்டு போட்டியில் இறங்குகிறார்கள். பரிசு கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால், வேலை கேட்டுப் போகும்போது காட்டுவதற்குக் கையில் நாலு நல்ல படங்கள் மிஞ்சும்.