அடிமுடி

பாரிசின் லாச்சப்பலில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு போபூர் சன் தெனி தெருவில் தெற்கே நடந்தால், இரண்டு பெரிய ரயில் நிலையங்களைத் தாண்டி, இருபது நிமிடத்தில் ஷாத்தோ தோ வந்துவிடும். புடவைக் கடைகள் முடிந்து ஆப்பிரிக்கப் பெண்களின் சிகை அலங்காரக் கடைகள் தொடங்கும் இடம் அது. மெத்ரோ வாசலிலேயே ஆள்பிடிப்பவர்கள் கூப்பிடுவார்கள். மார்த்தினிக் தீவைச் சேர்ந்த என் தோழிக்குத் துணையாக ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். ஆறு ஆண்டுகளாக அவள் சடை வளர்க்கிறாள்.

தமிழில் பள்ளிச் சிறுமியின் பின்னலும் சடைதான். சாமியாரின் திரிந்த முடியும் சடைதான். அந்த இரண்டு சடையும் ஒரே தலையில் சேர்வதை அன்றுதான் பார்த்தேன்.

கடையில் வேலை செய்த அக்கா மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜானிலிருந்து வந்தவர். இறுகித் திரண்ட பகுதியை அவர் அதிகம் தொடவில்லை. வேலையெல்லாம் அடியில். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படிப் புதிதாக வந்த சுருள்முடி இன்னும் சடையாகியிருக்காது. கவனிக்காமல் விட்டால் பக்கத்து முடியோடு பிணைந்து, இரண்டு சடைகள் அடியில் ஒன்றாகிவிடும்.

தலையை அலசி, ஒட்டியிருந்தவற்றை விரலால் மெல்லப் பிரித்தார். வால்சீப்பின் முனையால் வகிடெடுத்தார். கற்றாழைக் களி தொட்டு ஒவ்வொரு அடிமுடியையும் ஒரே திசையில் முறுக்கி, கிளிப் மாட்டினார். சிலர் முறுக்காமல், கொக்கி ஊசியால் சடையின் நுனியை அடிமுடிக்குள் நுழைத்து இழுப்பார்களாம். திசை மாற்றி மாற்றி நுழைக்காவிட்டால் அடியில் ஓட்டை விழுந்து சடை பிளந்துவிடும் என்றார். பிறகு நெடுநேரம் சூடு காட்டி உலர்த்தினார். ஈரம் உள்ளே தங்கினால் பூசண வாடை வரும்.

அதன்பின்தான் பின்னல். நெற்றியில் தொடங்கி, வழியில் வரும் சடைகளைச் சேர்த்துக்கொண்டே தலையோடு ஒட்டிய வரிசைகளாகப் பின்னினார். 'நத் கொலே', அதாவது ஒட்டுப் பின்னல். தூக்கத்திலும் தொப்பிக்குள்ளும் முறுக்கு அவிழாமல், அடிமுடி தானாக இறுகும்வரை இந்தப் பின்னல் அதைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கடைகளில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. தலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. 2014இல் இதே வட்டாரத்தில், வதிவிட அனுமதி இல்லாத தொழிலாளர்கள் கொடுக்காத கூலியைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்து, கடையைவிட்டு நகராமல் இருந்தார்கள். சேஜேதே தொழிற்சங்கம் அவர்களோடு நின்றது. உணவகச் சமையலறைகளில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பாத்திரம் கழுவிய நம்மவர்களுக்கு அந்த நிலையை விளக்க வேண்டியதில்லை.

கடைசி வரிசை காதோரம். "வலிக்கிறதா?" என்று அக்கா கேட்டார். இல்லை என்றாள் தோழி. அக்கா குனிந்து பார்த்தார். தோல் மேலெழும்பி, சின்னச் சின்னப் புள்ளிகளாகப் புடைத்திருந்தது. காதோரத்து மெல்லிய முடி இப்படித் தொடர்ந்து இழுபட்டால் வேர்க்கால் கெட்டு, பிறகு முளைக்காமலே போகலாம்.

வாசல் பக்கம் அடுத்த ஆள் காத்திருந்தார். அவிழ்க்கும் நேரத்துக்கு யாரும் கூலி தரப்போவதில்லை. அக்கா அந்த வரிசை முழுவதையும் அவிழ்த்தார். காதோரத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, தளர்வாக மறுபடி தொடங்கினார்.